பூபதிராஜாவின் அவதி முகாம்

கோடையில் பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைகிற பெற்றோர்கள் இந்த உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது போன வருஷம் வரை எனக்குத் தெரியாது. சோற்றைப் போட்டு வெளியே விரட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். பிள்ளைகளை மகிழ்விக்க வேண்டுமாம். தாயும் தகப்பனும் கூடவே நின்று தாங்களும் மகிழ வேண்டுமாம். அதைச் சொல்லிக்கொடுக்க ஊர் ஊருக்கு ஆள் கிளம்பியிருக்கிறார்களாம். எங்கள் ஊரில் கிளம்பிய ஆள் என் கொழுந்தனார் பூபதிராஜா. அதுதான் கூத்து.

பூபதிராஜா என் கணவர் மாரப்பனின் தம்பி. கேரள எல்லைக்குள் இருக்கிற முதலமடையில் எங்களுக்கு ஒரே மாந்தோப்பு, அதற்குள் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. அந்த வீட்டில் தாளித்தால் இந்த வீட்டில் தும்முவோம். ஆகவே நான் சொல்வது எதுவும் கேள்விப்பட்டதில்லை, எல்லாம் கண்ணால் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதுதான். நான் கல்யாணமாகி கொழிஞ்சாம்பாறையிலிருந்து இங்கே வந்தபோது அவர் காலேஜ் படிப்பை முடித்திருந்தார், அல்லது முடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எது உண்மை என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் அரை நாள் விளக்கம் சொல்வார்.

தோப்பு வேலை முழுக்க என் கணவர் தலையில். மருந்தடிக்க, தண்ணீர் பாய்ச்ச, லாரிக்காரர்களோடு மல்லுக்கட்ட, எல்லாவற்றுக்கும் அவர்தான். தம்பிக்குப் பொழுதுபோக்கு. முதலில் புறா வளர்த்தார். பந்தயப் புறா என்றார். பறக்கவிட்ட அன்று போனவை போனவைதான், எந்த ஊரில் யார் வீட்டுக் கூரையில் குடும்பம் நடத்துகின்றனவோ தெரியாது. பிறகு காளான். ஓர் அறை நிறைய வைக்கோலை நனைத்து மூட்டை மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டார். காளான் முளைக்கத்தான் செய்தது. ஆனால் அது இவர் விதைத்த காளான் இல்லை, தின்றால் ஆஸ்பத்திரிதான் என்று கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீஸிலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஈமு. அந்தப் பறவை என் கணவரைக் கிணற்றுமேடு வரைக்கும் துரத்தியதோடு அதுவும் முடிந்தது. அப்புறம் கலர் மீன், அப்புறம் ட்ரோன். ட்ரோன் இன்னமும் ஏதோ ஒரு மாமரத்தின் உச்சியில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் தொடங்குகிறபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், கல்யாண மாப்பிள்ளை தோற்றான். பாதியில் விடுகிறபோது முகத்தைப் பார்க்க முடியாது, ஆள் வீட்டிலேயே இருக்க மாட்டார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எனக்குச் சகிக்காத குணம் வேறொன்று. யார் என்ன பேசினாலும் தமிழைத் திருத்துவார். “பஸ்ஸு வந்துருச்சா தம்பி” என்று கேட்டால், “பேருந்துன்னு சொல்லோணுமுங்க அண்ணி” என்பார். அதற்குள் பஸ் போயிருக்கும். பால்காரரை விட்டதில்லை, மோட்டார் ரிப்பேர் செய்ய வந்தவரை விட்டதில்லை. ஒரு துக்க வீட்டில், பாடியை எப்போது எடுக்கிறார்கள் என்று ஒருவர் மெல்லக் கேட்டார். “பூதவுடல்” என்று எடுத்துக்கொடுத்தார் இவர். செத்தவரின் மகன் முறைத்த முறைப்பில் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இத்தனைக்கும் அவர் படித்தது மலையாள மீடியம். சர்க்கார் உத்தியோகம் கிடைக்கும் என்று என் மாமனார் அங்கே சேர்த்துவிட்டார். உத்தியோகமும் கிடைக்கவில்லை, தமிழும் பஸ் போர்டையும் கல்யாணப் பத்திரிகையையும் பார்த்து எழுத்துக்கூட்டிக் கற்றதுதான். அந்தக் குறை உள்ளுக்குள் அரிக்க அரிக்க, அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். மகளுக்குத் தமிழ்ப்ரியா என்று பெயர் வைத்தார். ப்ரியா என்பது தமிழ்ச் சொல்லா என்று பெயர் வைத்த அன்றே யாரோ கேட்டுவிட்டார்கள். மனுஷர் விருந்துச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

இவரோடு குடும்பம் நடத்துகிற மகராசி ஜீவிதா. பெண் பார்க்கப் போன அன்று, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, “தேநீர் அருமை” என்றார் இவர். இந்தக் காலத்தில் இப்படிப் பேசுகிறாரே என்று அவளுக்குப் பிடித்துப்போய்விட்டதாம். அந்த ஒரு டம்ளர் தேநீருக்கு இன்றுவரை அனுபவிக்கிறாள். பொள்ளாச்சியில் அவளுக்கு ஓர் அண்ணன், கோகுல்நாத், டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். வாயைத் திறந்தால் தங்கை புருஷனைப் பற்றி நக்கல்தான். ஜீவிதா அண்ணனுக்கும் பதில் பேச மாட்டாள், புருஷனுக்கும் பேச மாட்டாள். அப்படிப்பட்டவள் போன வருஷம் மாங்காய் பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு மத்தியானம் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு புருஷனிடம் பேசினாள்.

“பள்ளிக்கூடம் மூடித் தெறக்கறதுக்குள்ள ஏதாவது ஒண்ணத் தொடங்கி, முடியற வரைக்கும் நின்னு முடிச்சுக் காட்டுங்க. இல்லீன்னா ஜூன்ல பாப்பாவ எங்கண்ணன் ஊட்டுல வெச்சுப் பொள்ளாச்சியில படிக்க வெக்கறேன். நானும் அங்கயேதான் இருப்பேன்.”

“என்ன ஜீவி, இப்படித் திடீர்னு சொல்ற?”

“திடீர்னு இல்லீங்க. அவ பெருசாயிட்டு வர்றா. உங்கப்பா என்ன பண்றாருன்னு யாராச்சும் கேட்டா வருசத்துக்கு ஒண்ணு சொல்றா. கேக்க எனக்கே நல்லால்லீங்க.”

எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. இதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆயிற்றே என்றுதான் நினைத்தேன். என் கவலை பிள்ளையைப் பற்றி. தமிழ்ப்ரியா ஆறாவது முடிக்கிறவள். கிணற்றடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். போய்க் கேட்டேன்.

“நீ என்ன அம்மிணி சொல்ற? பொள்ளாச்சிக்குப் போறயா?”

“இல்லீங்க பெரீம்மா. எனக்கு இங்கதான் இருக்கோணும். மாமா ஊட்டுல எல்லாருஞ் சேந்து அப்பாவப் பேசிப் பேசிச் சிரிப்பாங்க. அங்க உக்காந்து நான் எப்படீங்க சோறு திங்கறது?”

இந்த ஆகாவழி மனுஷனுக்கு இப்படி ஒரு பிள்ளை வாய்த்திருக்கிறதே என்று எனக்கு வயிறெரிந்தது.

கொல்லங்கோட்டுப் பக்கம் வயலையும் மலையையும் படம் எடுக்கக் கூட்டம் கூட்டமாக ஆள் வருவதைப் பூபதிராஜா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வாரம் தாடையைத் தடவிக்கொண்டு தோப்புக்குள் நடந்தார். பிறகு அறிவித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்களுக்குத் தோப்பில் முகாம். கோயம்புத்தூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வந்து இரண்டு நாள் தங்குவார்கள். மாங்காய் பறிப்பது, மரம் ஏறுவது, தொட்டியில் குளிப்பது, பட்டம் கட்டி விடுவது, மண் பிசைந்து பொம்மை செய்வது, விறகடுப்பில் சமைப்பது என்று அடுக்கினார். எங்கள் வீட்டில் எதையெல்லாம் வேலை என்கிறோமோ அதற்கெல்லாம் விளையாட்டு என்று பெயர் வைத்துவிட்டார். சருகு கூட்டுவதற்கு ‘இயற்கையோடு ஒரு காலை’. மாட்டுத் தொழுவத்தைக் கழுவுவதற்கு ‘வாயில்லா நண்பர்கள்’. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை நான் அனுபவித்துக்கொண்டிருப்பது பொழுதுபோக்கு என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஈமு மட்டும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு மருந்து டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனார்.

கோவிந்தாபுரம் ரோட்டிலிருந்து தோப்புக்குத் திரும்புகிற இடத்தில் தகர போர்டு வைத்தார். மஞ்சள் அடித்து, சிவப்பில் தன் கையாலேயே எழுதினார். ‘வேனல் அவதி முகாம். குழந்தைகளோடு குடும்பமாக வாருங்கள். மறக்க முடியாத அவதி.’

“சும்மா லீவுன்னு எழுதீட்டாப் பத்தாதா தம்பி?” என்று நான்கூடக் கேட்டேன்.

“லீவு ஆங்கிலமுங்க அண்ணி. அவதிதான் நம்ம சொல்லு” என்றார், பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே.

பொள்ளாச்சியில் இருப்பவர்கள் படித்த உடனே சிரிப்பார்கள். எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் அது அவதி. மலையாளத்துச் சொல். மழை கொட்டினால் கலெக்டர் அவதி விட்டுவிட்டார் என்று பிள்ளைகள் குதிக்கும். அதே பிள்ளைகள் மறுநாள், சளி பிடித்து அவதிப்படுகிறேன் என்று தமிழில் மூக்கைச் சிந்தும். அந்த அவதி வேறு, இந்த அவதி வேறு. இரண்டையும் ஒரே வாயால் பேசித்தான் வளர்ந்தோம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் ஒரு நாளும் உறைக்கவில்லை. பொள்ளாச்சிக்காரி ஜீவிதாவாவது கவனித்திருப்பாள். இதுவும் பாதியில் நிற்கப்போகிற சங்கதிதானே என்று அவள் போர்டைப் பார்க்கவே போகவில்லை.

ஏப்ரலில் முதல் குடும்பங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்தன. எல்லாரும் ஒரே அபார்ட்மெண்டாம். போர்டுக்கு முன்னால் கார்கள் நின்றதும் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போர்டின் இரண்டு பக்கமும் நின்று அழுகிற மாதிரி முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். “குடும்பத்தோட அவதிப்பட வந்துட்டோம் சார்” என்று ஒரு தகப்பனார் கும்பிட்டார். பூபதிராஜாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு என்னிடம் ஓடி வந்தார்.

“பாத்தீங்களா அண்ணி. வந்தவங்க அத்தன பேரும் போர்டோட நின்னு போட்டோ புடிக்கறாங்க. எழுத்து அப்படி.”

“புடிக்கட்டும். அதுக்கெதுக்கு அழுவற மாதிரி மூஞ்சிய வெக்கறாங்க?”

“வெயிலுங்க அண்ணி” என்றார்.

வந்தவர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கும்பிட்ட தகப்பனார் மகனோடு பட்டம் கட்ட மரத்தடியில் உட்கார்ந்தார். குச்சியை வளைப்பதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டே வேலியோரம் போனவர் திரும்பி வந்தபோது பட்டம் மேலே பறந்துகொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குப் பட்டம் பறக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூலை மகன் கையிலிருந்து வாங்கி, நானும் பையனும் சேர்ந்து செய்தது என்று வீடியோவில் சொன்னார். பையன் கேமராவைப் பார்க்காமல் பட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு தாயார் தன் மகளை ஒரே மாங்காயைத் திரும்பத் திரும்பப் பறிக்க வைத்தார். முதலில் வெயில் கண்ணில் அடித்ததாம், அடுத்து இலை மறைத்ததாம், அதற்கடுத்து பிள்ளை சிரிக்கவில்லையாம். பறித்த காயை எப்படி மறுபடி பறிப்பது? என் கொழுந்தனார் அதை நூலில் கட்டிக் கிளையில் தொங்கவிட்டுக் கொடுத்தார். இதற்கெல்லாம் மட்டும் அவருக்கு மூளை நன்றாக வேலை செய்யும். இன்னொரு குட்டிப்பெண் சாணி அள்ளிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று, “ஆன்ட்டி, இது எப்ப முடியும்?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை கண்ணு என்று சொன்னேன்.

மாங்காய்க் காம்பைக் கிள்ளினால் பால் பீய்ச்சும், உதட்டில் பட்டால் வெந்துபோகும். தோப்பிலேயே பிறந்தவர் அதைச் சொல்ல வேண்டாமா? சொன்னார், ‘மாம்பால் வெம்மை விளைக்கும்’ என்று. ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு பையன் காயை நேராகக் கடித்து உதடு வீங்கிக் கத்தினான். அவன் அம்மா ஆம்புலன்ஸ் வருமா என்று கேட்டார். தமிழ்ப்ரியாதான் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவி, அவனைத் தொட்டித் தண்ணீருக்கு இழுத்துப் போனாள். நியாயமாகச் சொன்னால் அந்த இரண்டு நாளில் பிள்ளைகள் பிள்ளைகளாக இருந்தது தொட்டியில் மட்டும்தான். மோட்டார் தண்ணீர் தலையில் கொட்ட, பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல், கூச்சல் போட்டுக் குதித்தார்கள். தமிழ்ப்ரியா நடுவில் நின்று கையைக் காலை எப்படி அடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தாள். முகாமை உண்மையில் நடத்தியது அவள்தான். அப்பா பெயர் கெட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஓடினாள்.

புறப்படுகிறபோது, நூல் மாங்காய்க்காரத் தாயார் காருக்குள்ளிருந்தே சொன்னார். “சார், அவதின்னா கஷ்டம்தானே அர்த்தம்? வேணும்னே அப்படி எழுதினீங்களா? செம ஐடியா சார். எங்க குரூப்ல எல்லாருக்கும் போட்டோ அனுப்பிட்டேன்.”

“ஆமாங்க, சும்மா ஒரு இதுக்கு” என்றார் பூபதிராஜா. கார் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணி, உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“இப்பத்தான் தெரியுது தம்பி” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறக்க முடியாத அவதி என்று அந்த வரி மனதில் ஓட, சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. ஜீவிதா வெளியே வந்து என்னவென்று கேட்டாள். சொன்னதும் அவளும் கிணற்றுக் கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவர் சிரிக்கவில்லை. பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பொழுது சாய்வதற்குள் அவதியை அழித்து விடுமுறை என்று எழுதிவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் வருவதாக இருந்தவர்கள் ரோட்டில் நின்று போன் செய்தார்கள். “அவதி முகாம் எங்க சார் இருக்கு? இங்க ஏதோ சாதா முகாம்தான் இருக்குது.” இவர் ரோட்டுக்குப் போய், இதுதானுங்க அது என்று கைகாட்டிக் கூட்டிவர வேண்டியதாயிற்று. இறங்கியதும் அவர்கள் பிள்ளைகள் கேட்டது மாங்காயை இல்லை, அந்த போர்டை. அதற்கடுத்த வாரத்துக்காரர்கள் வரவே இல்லை. இவர் வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றி எறிந்தார்.

“நிறுத்திரலாம். ஊரே பாத்துச் சிரிக்கறதுக்கு நானென்ன கோமாளியா?”

ஜீவிதா உள்ளே போய்ப் பரணிலிருந்து சூட்கேஸை இறக்கினாள். அந்தச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. நான் போனபோது தமிழ்ப்ரியா அப்பாவின் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

“அப்பா, நான் எழுதட்டுங்களா? உங்களுக்குப் புடிக்காட்டி நீங்க எழுத வேண்டாங்க. நான் எழுதறேன்.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, “என்னமோ பண்ணு” என்றார். அவள் சிவப்பு பெயிண்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். விடுமுறையை அழித்து, எழுத்து கொஞ்சம் சாய்ந்தாலும் பரவாயில்லை என்று அவதியைப் பெரிதாக எழுதினாள். தகப்பன் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மே மாதம் முழுக்கக் கூட்டம். படம் எங்கெங்கோ சுற்றி, ஈரோட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். போர்டுக்குப் பக்கத்தில் நின்று தலையில் கைவைத்துக்கொள்ளச் சொன்னால் பூபதிராஜா வைத்துக்கொண்டார். சிரியுங்கள் என்றால் சிரித்தார். பட்டம் கட்டினார், கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டினார், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மரத்தடியில் கூட்டாஞ்சோறு ஆக்கினார். ஒரு நாளும் பாதியில் காணாமல் போகவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். அந்த மாதம் முழுக்க அவர் ஒருவரையும் திருத்தவில்லை. பஸ் பஸ்ஸாகவே வந்து போனது. இந்த மனுஷன் மேல் எனக்குக்கூடக் கொஞ்சம் மரியாதை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

சூட்கேஸ் பரணுக்குத் திரும்பிப் போனது. பாப்பா இங்கேயே படிக்கட்டும் என்று ஜீவிதா அண்ணனுக்குப் போனில் சொல்லிவிட்டாள். தமிழ்ப்ரியா ஏழாவது வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடித்துவிட்டாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை. வந்திருந்தவர்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். முகாம் முடிந்தது. முழுசாக முடிந்தது. மத்தியானம் கோகுல்நாத் பெண்டாட்டி பிள்ளைகளோடு காரில் வந்து இறங்கினான். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தானாம். போனில் போர்டோடு எடுத்த படத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டே வந்தான். மரத்தடியில் இலை போட்டோம்.

“என்ன மாப்ள, நல்லா அவதிப்படறீங்களாட்ட இருக்குது?” என்றான், உட்காரும்போதே.

“சாப்புடுங்க மச்சான்” என்றார் பூபதிராஜா.

அவன் விடுவதாக இல்லை. தன் பிள்ளைகள் பக்கம் திரும்பினான். “மாமா எழுதுன தமிழப் பாத்தீங்களாடா? ஊருக்கெல்லாம் தமிழ் சொல்லிக்குடுக்கற மாமா. இந்த போர்டப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல வெச்சா வருசம் பூராச் சிரிக்கலாம்.” பிள்ளைகள் சிரித்தன. அவன் பெண்டாட்டி இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். ஜீவிதா பொரியல் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள்.

மோர் ஊற்றிக்கொண்டு வந்த தமிழ்ப்ரியா சொம்பைக் கீழே வைத்தாள்.

“அது தப்பில்லீங்க மாமா. எங்கூர்ல லீவுக்கு அவதின்னுதான் சொல்லுவோம். அத எழுதுனது நான்தானுங்க.”

குரல் உயரவில்லை. மாமனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையில் ஒரு ‘ங்க’ குறையவில்லை. கோகுல்நாத்தின் கை சோற்றில் நின்றுவிட்டது. ஜீவிதா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடி என் ராசாத்தி என்று கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பூபதிராஜா செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தால் போதும்.

அவர் தொண்டையைச் செருமினார்.

“இல்ல அம்மிணி. மச்சான் சொல்றதுதான் சரி. விடுமுறைன்னுதான் சொல்லோணும். அவதிங்கறது பிழை. நீ தெரியாம எழுதீட்ட.”

கோகுல்நாத் ஓவென்று சிரித்தான். “அப்பனே சொல்லியாச்சு, அப்பறமென்ன” என்று இன்னொரு கரண்டி சோறு கேட்டான். பூபதிராஜாவும் அவனோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். சரியான பக்கத்தில் நின்றுகொண்ட சிரிப்பு.

தமிழ்ப்ரியா அழவில்லை. சொம்பை எடுத்து, மிச்சம் இருந்தவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றினாள். அப்பாவுக்கும் ஊற்றினாள். பிறகு வீட்டுக்குள் போனாள். கை கழுவிக்கொண்டு நாங்கள் நிமிர்ந்தபோது துணிப்பையோடு வெளியே வந்து, மாமாவின் காரில் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜீவிதா ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“எங்க கண்ணு கெளம்பீட்ட?”

“பொள்ளாச்சிக்குங்கம்மா. அங்கயே படிக்கறேன்.”

ஜீவிதா கெஞ்சிப் பார்த்தாள். நானும் போய்ப் பேசினேன். அவள் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜீவிதா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. தன் துணியை எடுத்து வைக்க வீட்டுக்குள் போனாள்.

கார் ரோட்டில் ஏறி மறைந்த பிறகு பூபதிராஜா கிணற்றடிக்கு வந்தார். நான் பாத்திரங்களைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணி, நான் சொன்னது சரிதானுங்களே? விடுமுறைங்கறதுதானுங்களே நல்ல தமிழு?”

“சரிதான் தம்பி” என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.